ஆட்டுக்கு ஒரு மூடி

என் எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். மிஷன் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படித்தேன். பைபிளும் பாட்டுப் புத்தகமும் தடங்கல் இல்லாமல் வாசிப்பேன். எழுதிப் பழக்கம் இல்லை. மறதியும் கூடிவிட்டது. எது முந்தி நடந்தது, எது பிந்தி நடந்தது என்று சில இடத்தில் மாறிப் போயிருக்கலாம். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள் நான். பேசத் தெரிந்திருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

என் வீட்டுக்காரர் இறந்து கல்லறைக்குச் சிலுவை வைத்த கையோடு மகன் என்னைத் தூத்துக்குடிக்குக் கூப்பிட்டான். துறைமுகத்தில் கன்டெய்னர் ஏற்றி இறக்குகிற இடத்தில் அவனுக்கு வேலை. நான் வரவில்லை என்றேன். எங்கள் ஊர் சாத்தான்குளத்துக்கும் உடன்குடிக்கும் நடுவில் தேரியை, அந்தச் செம்மணல் மேட்டை, ஒட்டி இருக்கிறது. வீடு இருக்கிறது, ஆடு இருக்கிறது, நான் எதற்கு அங்கே வர வேண்டும் என்று கேட்டேன். அவன் ஒரு நிபந்தனை வைத்தான்.

"சரிம்மா. ஆடு இருக்குற வரைக்கும் இங்கன இருந்துக்கோ. ஆடு இல்லன்னு ஆச்சுன்னா பேசாம எங்கூட வந்திரணும். தனியா உக்காந்து சுவரப் பாத்துக்கிட்டுக் கெடக்கக் கூடாது."

பாசத்தில்தான் சொன்னான். நானும் தலையாட்டினேன். ஆனால் அன்றையிலிருந்து என் வீடு சுவரின் மேல் நிற்கவில்லை, ஆட்டின் காலில் நின்றது.

மகன் வீட்டில் ஒரு குறையும் கிடையாது. அங்கே விடிந்ததும் நான் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரியாது. அடுப்படியில் நின்றால் மருமகளுக்கு இடத்தை அடைக்கிறேன். நிற்காவிட்டால் சும்மா இருக்கிறேன். என் வீட்டில் விடியும்போதே ஆடு கத்தும். கத்துகிற ஒன்றுக்குப் பதில் சொல்லிக்கொண்டு எழுந்திருப்பது ஒரு சுகம்.

என்னிடம் நின்றது கொடி ஆடு. எங்கள் பக்கத்து ஆடு அது, நெட்டைக் கால் ஆடு. வெள்ளை உடம்பில் கருப்பைத் தெளித்தது போல இருந்தால் கரும்போறை என்போம். சிவப்பைத் தெளித்தது போல இருந்தால் செம்போறை. என் ஆடெல்லாம் கரும்போறை. பின்னங்காலில் எழுந்து நின்று உடை முள் மரத்தில் ஆள் உயரத்துக்கு மேலே தொங்குகிற நெற்றைப் பறித்துத் தின்னும். சபையில் வேதம் வாசிக்கச் சொன்னால் நான் பின் வரிசைக்குப் போய்விடுவேன். ஆட்டிடம் பேசக் கூச்சம் கிடையாது.

எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் ஆடு உண்டு. பெண்கள் சேர்ந்து குழு வைத்திருந்தோம். தலைவி என் கொழுந்தன் மனைவி. எனக்கு இளையவள், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். கொழுந்தன் பம்பாயில் கடையில் இருந்தான். அவள் தனியாக நின்று பிள்ளைகளை வளர்த்தாள். குரலும் அதற்குத் தக்க வளர்ந்துவிட்டது.

அவளிடம் ஒரு திறமை உண்டு. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. கிறிஸ்மசுக்குப் பல வீடு சேர்ந்து ஒரு கிடாயை அறுத்தால் கூறு போடுவது அவள்தான். ஓலைப்பாயை விரித்து, கறியைக் குவியல் குவியலாக வைப்பாள். ஒவ்வொரு குவியலிலும் ஈரல் ஒரு துண்டு, நெஞ்செலும்பு ஒரு துண்டு, கொழுப்பு ஒரு துண்டு இருக்கும். தராசைத் தொட மாட்டாள். பிறகு யாராவது ஒருத்தியை முதுகைக் காட்டி நிற்க வைத்து, ஒரு குவியலைத் தொட்டுக்கொண்டு, "இது யாருக்குளா?" என்று கேட்பாள். திரும்பி நிற்கிறவள் ஒரு வீட்டின் பெயரைச் சொல்லுவாள். அந்தக் கூறு அந்த வீட்டுக்கு. இதுவரை ஒரு வீடும் என் கூறு சின்னது என்று சொன்னதில்லை. கோயில் அசனத்தில், அந்தப் பொது விருந்தில், சோற்றை அண்டாவிலிருந்து வாரி வைக்கவும் அவளைத்தான் நிறுத்துவார்கள். எங்கள் தெருவில் பெண்கள் சண்டை போலீஸ் ஸ்டேஷன் வரை போகாமல் இருந்தது அவளால்தான். அதை நான் மறுக்க மாட்டேன்.

ஆட்டுக்குப் பூச்சி மருந்து கொடுப்பதும் இந்தக் கூறு மாதிரியே நடந்தது.

பொங்கல் கழிந்து குளத்தில் தண்ணீர் வற்ற வற்ற, உள்பக்கம் பச்சைப் புல் தலை காட்டும். மாதக்கணக்காகத் தண்ணீருக்குள் கிடந்த மண். ஒரு ஆட்டின் கால் பட்டிருக்காது. அந்தப் புல்லில் ஆட்டை இறக்குவதற்கு முந்தின நாள் தெரு ஆடு அத்தனைக்கும் ஒரே நேரத்தில் மருந்து. சுத்தமான வயிற்றோடு சுத்தமான புல்லில் விட வேண்டும் என்பது எங்கள் நினைப்பு. அவள் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்பாள். பாட்டில் மூடிதான் அளவு. ஆட்டுக்கு ஒரு மூடி.

ஒரு வருசம் எதிர் வீட்டுக்காரி கேட்டாள், "ஏக்கா, என் கிடா கன்னுக்குட்டி கணக்கா நிக்கான். அவனுக்கும் ஒரு மூடிதானா?"

"ஏளா, ஒன் கிடா பெருசுன்னா அது ஒன் பாடு. மருந்து பொது. ஒனக்கு ரெண்டு மூடி ஊத்துனா நாளைக்கு எல்லாளும் தன் ஆடுதான் பெருசும்பா."

"அப்ப நேத்துப் பெறந்த குட்டிக்கு?"

"அதுக்கும் ஒரு மூடி. அசனத்துல கைப்பிள்ளைக்கும் ஒரு பங்கு வாங்கிட்டுப் போறல்லா, அப்ப மட்டும் இனிக்கிதோ?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். பாட்டில் காலியாகிற மாதிரி இருந்தால் அவள் தண்ணீர் ஊற்றிக் குலுக்குவாள். கடைசியில் நிற்கிறவளுக்கு இல்லை என்று வரக் கூடாது. எங்களில் யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. நியாயமாகத் தெரிந்தது.

முதல் சில வருசம் மருந்து நன்றாகக் கேட்டது. மறு வாரமே ஆட்டு முடி மினுங்கும். பிறகு எப்போது கேட்காமல் போனது என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. அது ஒரு நாளில் நடந்தது இல்லை.

முதலில் கண்டுபிடித்தது காயல்பட்டினத்து வியாபாரி. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னால் பைக்கில் வந்து கிடாய் பார்த்துப் போவார். நல்ல மனிதர், பல்லைப் பார்த்து, முதுகைத் தடவிப் பார்த்து, விலையைக் கூட்டியும் பேச மாட்டார், குறைத்தும் பேச மாட்டார். அந்தத் தடவை என் பெரிய கிடாயின் தாடைக்கு அடியில் கையை வைத்தார். அங்கே பை மாதிரி தொங்கியது. விரலால் அமுக்கினார், குழி விழுந்து அப்படியே நின்றது.

"பெரியம்மா, இது தாடையில தண்ணி கோத்திருக்கே. குர்பானிக்கு அறுக்கக் குறை உள்ள உருப்படி ஆவாது. கோவிச்சுக்கிடாதிய."

சாயங்காலம் மேய்ந்து வரும்போது தாடை வீங்கி இருக்கும், காலையில் வற்றி இருக்கும். நான் ஏதோ முள் குத்தியது என்று மஞ்சள் பூசிக்கொண்டிருந்தேன். அந்தக் கிடாய் பெருநாளுக்கு முந்தியே செத்தது. பிறகு ஒரு சினை ஆடு. பிறகு எதிர் வீட்டில், பிறகு அடுத்த வீட்டில். கழிச்சல் இருந்தால் பூச்சி என்று சந்தேகம் வரும். இதில் கழிச்சலும் இல்லை. ஆடு நடந்து வரும், பின்தங்கும், படுக்கும், எழாது.

குழு கூடி மறுபடியும் மருந்து வாங்கியது. இந்தத் தடவை வேறு கலர் பாட்டில். கொழுந்தன் மனைவி அதைத் தூக்கிக் காட்டி, "இது வேற, பவரானது" என்றாள். மேலே ஒட்டியிருந்த பெயர் வேறு. உள்ளே இருந்தது அதே மருந்து என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஆட்டுக்கு ஒரு மூடி ஊற்றினோம். ஆடு செத்துக்கொண்டே இருந்தது.

மகன் போனில், "எத்தன நிக்குது?" என்று கேட்பான். நான், "நிக்குது, நிக்குது" என்பேன்.

அந்த நேரத்தில் ஆட்டுக்குத் தடுப்பூசி போட ஒரு டாக்டரம்மா தெருவுக்கு வந்தாள். சின்ன வயசுதான். அன்று காலையில் என் ஆடு ஒன்று செத்துக் கிடந்தது. ஊசி போட்டு முடித்தவள் அதைப் பார்த்து, அறுத்துப் பார்க்கவா என்று கேட்டாள். பனை மர நிழலில் ஓலையை விரித்து அறுத்தாள். வயிற்றில் ஒரு பையைத் திறந்து உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினாள். அதில் முடி கனத்துக்குப் புழு, ஒன்றிரண்டு இல்லை, பாசி மாதிரி. சிவப்பும் வெள்ளையும் முறுக்கின நூல் போல இருந்தது, நெளிந்துகொண்டும் இருந்தது.

"செவப்பாத் தெரியுதுல்லா ஆச்சி, அது ஒங்க ஆட்டு ரத்தம்" என்றாள். "பூச்சி மருந்து கடைசியா எப்பக் குடுத்திய?"

"போன வாரந்தான் டாக்டரம்மா."

"போன வாரமா?"

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் பொய் சொல்கிறேனோ என்று நினைத்திருப்பாள். பிறகு புழுவைப் பார்த்தாள். பொய் இல்லை என்று தெரிந்துகொண்டாள்.

மறுபடி வந்தபோது தராசு கொண்டுவந்தாள். என் ஆட்டைத் துணியில் தூக்கிக் கட்டி எடை பார்த்து, அந்தந்த எடைக்குத் தக்கபடி அதே மருந்தைச் சரியான அளவில் அவளே ஊற்றினாள். ஊற்றும் முன்னால் கொஞ்சம் புழுக்கை எடுத்துக்கொண்டாள். சொன்ன நாளில் மறுபடியும் புழுக்கை எடுத்து மாட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரச் சொன்னாள். கீழே கிடப்பது ஆகாது, ஆட்டிலிருந்தே எடுக்க வேண்டும். எடுத்து, ஒவ்வொரு ஆட்டுக்கும் ஒரு கவராகக் கட்டி, பைக்குள் வைத்து மடியில் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் போனேன்.

கண்டக்டர் குனிந்து பார்த்தான். "என்ன ஆச்சி, மடியில பத்திரமா? கருப்பட்டியா?"

நான் ஆமாம் என்று தலையாட்டினேன். இறங்கும்வரை அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

டாக்டரம்மா பூதக்கண்ணாடிக் கருவியில் வைத்துப் பார்த்தாள். மருந்துக்கு முன்னால் எடுத்த புழுக்கையில் எவ்வளவு முட்டை இருந்ததோ, மருந்துக்குப் பின்னால் எடுத்ததிலும் ஏறக்குறைய அவ்வளவே இருந்தது.

"அந்த மருந்து ஒங்க ஊர்ப் புழுவுக்கு இனிமே தண்ணிதான் ஆச்சி."

எப்படி என்று கேட்டேன். அவள் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். ஆட்டுக்குத் தேவையான அளவுக்குக் குறைவாக மருந்து போனால், சாகிற புழு சாகும், தாங்குகிற புழு தாங்கும். தாங்கினது மட்டும்தான் முட்டை போடும். நாங்கள் பெரிய ஆட்டுக்கும் ஒரு மூடி ஊற்றி, தண்ணீரும் கலந்து, வருசா வருசம் தாங்கினதை மட்டும் மிச்சம் வைத்தோம். அது போதாது என்று மறுநாளே எல்லா ஆட்டையும் குளத்துப் புதுப் புல்லில் விட்டோம். அந்த மண்ணில் வேறு புழுவே கிடையாது. தாங்கின புழுவின் முட்டை மட்டும் அங்கே விழுந்தது. அதைத்தான் ஆடு திரும்பவும் தின்றது.

விதை நெல்லுக்கு நல்ல கதிராகப் பார்த்துத்தான் எடுப்பார்கள். நாங்கள் புழுவுக்கு அப்படிச் செய்திருக்கிறோம்.

இனி என்ன செய்ய என்று கேட்டேன். அவள் என் கையைப் பிடித்து ஆட்டின் கண்ணில் வைத்துக் காட்டினாள். மேல் இமையை மெல்ல அமுக்கி, கீழ் இமையை இழுத்தால் உள்ளே சதை தெரியும். வெயிலில் பார்க்க வேண்டும். சிவப்பாக இருந்தால் ஆட்டில் ரத்தம் இருக்கிறது, அதற்கு மருந்து வேண்டாம். வெளுத்திருந்தால் அதற்கு மட்டும், வேறு வகை மருந்து, எடை பார்த்து. புல்லை அடியோடு மேய விடக் கூடாது. அடிக்கடி வெளுக்கிற ஆட்டைக் குட்டி எடுக்க வைத்துக்கொள்ளக் கூடாது.

"செவப்பா இருக்குற ஆட்டுலயும் புழு இருக்கும்லா டாக்டரம்மா?"

"இருக்கும். இருக்கட்டும். மருந்து படாத புழு கொஞ்சம் ஊருல இருக்கணும் ஆச்சி. அதுதான் மருந்துக்குச் சாவும். எல்லாத்துக்கும் ஊத்திட்டா, சாவுற ஜாதியே இல்லாமப் போயிரும்."

அந்தப் புது மருந்தும் போய்விட்டால் பிறகு கையில் ஒன்றும் இருக்காது என்றாள். தெரு முழுக்கச் சேர்ந்து செய்தால்தான் பலன், ஒரே குளத்தில் மேய்கிற ஆட்டில் நீங்கள் மட்டும் செய்து பிரயோசனம் இல்லை என்றும் சொன்னாள். நான் பஸ்ஸில் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து குழு கூடியது. நான் எழுந்து நின்றேன். பஸ்ஸில் வரிசையாக வந்த சொல்லெல்லாம் அங்கே துண்டு துண்டாக வந்தது. கொழுந்தன் மனைவி கையை அமர்த்தி எல்லாரையும் சும்மா இருக்கச் சொன்னாள். நான் முடிக்கும்வரை கேட்டாள்.

"அப்ப, கண்ணு வெளுத்த ஆட்டுக்கு மருந்து. செவத்த ஆட்டுக்குக் கெடையாது. அப்படித்தான அக்கா?"

"ஆமா."

"என் ஆட்டுக்குச் செவப்பா இருக்கு. ஒன் ஆட்டுக்கு வெளுத்திருக்கு. எல்லாருஞ் சேந்து வாங்குன மருந்து ஒன் ஆட்டு வாயில மட்டும் போவணும்."

"நான் அதுக்குச் சொல்லல..."

"நீ சொல்ல மாட்ட. ஒன் மனசு எனக்குத் தெரியும். ஆனா நாளைக்கு இவளுக கேட்டா நான் என்ன பதில் சொல்லுதது?"

எதிர் வீட்டுக்காரி என்னைக் காட்டிச் சொன்னாள், "மைனி இத்தன வருசமா வாயத் தொறக்காம இருந்தது இதுக்குத்தானாக்கும்."

"வயித்துல கொஞ்சம் புழுவ விட்டு வைக்கணுமாம்லா. நாம வளக்குறது ஆடா, புழுவா?" என்றாள் இன்னொருத்தி. சிரிப்பு எழுந்தது. முந்தியெல்லாம் அந்தச் சிரிப்பில் நானும் இருந்தேன்.

"டாக்டரம்மா சொல்லுதா..." என்று ஆரம்பித்தேன்.

"டாக்டரம்மா நாளைக்கு மாறிப் போயிருவா. நாமதான் இங்கன கெடக்கணும், ஒருத்தி மூஞ்சில ஒருத்தி முழிச்சுக்கிட்டு."

கொழுந்தன் மனைவி சொன்னபடியே டாக்டரம்மா கொஞ்ச நாளில் வேறு ஊருக்கு மாறிப் போனாள். வெளுத்த ஆட்டுக்கு மட்டும் என்று அவள் சொல்லிவிட்டுப் போன அந்த வேறு வகை மருந்தைக் குழு வாங்கியது. நடுவில் நின்று பாட்டிலைத் திறந்து ஆட்டுக்கு ஒரு மூடி ஊற்றினாள் என் கொழுந்தன் மனைவி. தண்ணீரும் கலந்தாள். என் ஆட்டுக்கு நான் வாங்கிக்கொள்ளவில்லை. அது அவளுக்கு முகத்தில் அடித்தது போல ஆகிவிட்டது. கூறு வேண்டாம் என்று சொன்னவள் அந்தத் தெருவில் அதுவரை யாரும் இல்லை.

என் ஆட்டைக் குளத்துக்கு விடுவதையும் நிறுத்தினேன். மிஞ்சியதை வீட்டைச் சுற்றின வளவுக்குள் கட்டினேன். பக்கத்து முருங்கைத் தோட்டத்தில் கவாத்து செய்து போடுகிற கொப்பை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். அதைச் சுமந்து வந்து, தரையில் போடாமல் கயிற்றில் உயரக் கட்டித் தொங்க விடுவேன். கொடி ஆட்டுக்கு அது சுபாவம். எழுந்து நின்று தின்றது. என் முழங்காலுக்குத்தான் அது சுபாவம் இல்லை. வெயில் ஏறினதும் ஒவ்வொன்றாகக் கண்ணைப் பார்ப்பேன். வெளுத்ததற்கு மட்டும் ஆஸ்பத்திரியில் கேட்டு மருந்து வாங்கி வருவேன்.

கொழுந்தன் மனைவி என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். காலையில் ஆட்டை ஓட்டிக்கொண்டு என் வேலியைத் தாண்டும்போது மட்டும் தன் ஆட்டிடம் பேசுவாள். "நடங்கட்டி. நாமெல்லாம் நாலு பேரோட மேயுற ஜாதி. வீட்டுக்குள்ள ஒக்காந்து திங்குத பெரிய மனுச ஜாதியா?"

நான் கொப்பைக் கட்டிக்கொண்டே இருப்பேன். என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்பது அவள் குளத்தங்கரை ஏறின பிறகுதான் எனக்கு வரும்.

ஐப்பசிக்குள் என் ஆடு தேறிவிட்டது. மகன் வந்து பார்த்தான்.

"எம்மா, நல்லாத் தேறியாச்சே."

"ஆடா, நானா?"

"ரெண்டுந்தான்" என்றான். அந்தத் தடவை தூத்துக்குடிப் பேச்சை எடுக்காமலே போனான்.

கார்த்திகையில் மழை பிடித்தது. எனக்குக் காய்ச்சல் வந்து மூட்டு மூட்டாய்ப் பூட்டிக்கொண்டது. படுக்கையை விட்டு எழ முடியவில்லை. ஆடு கத்திக்கொண்டிருந்தது. யாரிடம் சொல்ல என்று கிடந்தபோது கதவைத் தள்ளிக்கொண்டு கொழுந்தன் மனைவி வந்தாள். பேச்சு நின்று எத்தனையோ மாதம் ஆகியும் ஒன்றும் நடக்காதது போல அடுப்பைப் பற்ற வைத்தாள். கஞ்சி வைத்தாள். என் வாயில் ஊட்டினாள். சேலையை மாற்றிக் கட்டிவிட்டாள். பிறகு வளவில் இறங்கி ஆட்டுக் கயிறுகளை அவிழ்க்கிற சத்தம் கேட்டது.

"அவுக்காத" என்றேன். எனக்கே கேட்கவில்லை. அவள் எட்டிப் பார்த்தாள்.

"பேசாமப் படுக்கா. நீ கெடக்குற கெடைக்கு ஆடு பட்டினி கெடந்து சாவணுமா? நீ எந்திரிக்கிற வரைக்கும் என் ஆட்டோட ஒண்ணாப் பாத்துக்கிடுதேன். நான் அந்நியமா?"

அப்படியே பார்த்துக்கொண்டாள். நான் கிடந்த நாளெல்லாம் மழை விட்ட இடைவெளியில் என் ஆட்டை அவள் ஆட்டோடு சேர்த்து ஓட்டிப் போனாள். தெரு ஆடு முழுக்கப் புழுக்கை போட்ட குளத்தங்கரையின் ஈரப் புல்லில் மேய்த்தாள். தன் ஆட்டுக்கு முந்தி என் ஆட்டுக்கு நல்ல இடம் பார்த்து விட்டதாகச் சொன்னாள், நம்புகிறேன். நான் எழுந்து உட்கார்ந்த அன்று கயிற்றைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள்.

"எனக்கு ஒனக்குன்னு நான் பாக்கல அக்கா. குழு மருந்தும் ஊத்திட்டேன். ஒன் ஆட்டுக்கும் ஒரு மூடி."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நன்றி என்று நினைத்துக்கொண்டாள். அதுவும்தான்.

கிறிஸ்மஸ் நட்சத்திரம் கட்டுகிற நேரத்தில் என் ஆட்டின் கண் ஒவ்வொன்றாக வெளுத்தது. வேட்டி மாதிரி வெளுத்தது. ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கி வந்த அந்த வேறு மருந்தைச் சரியான அளவில் ஊற்றியும் கேட்கவில்லை. அந்த மருந்தையும் தெரு அதற்குள் புழுவுக்குத் தண்ணீராக்கி வைத்திருந்தது. கெட்டவள் ஒருத்தி கெடுத்திருந்தால் வேலியில் நின்று மண்ணை வாரித் தூற்றியிருப்பேன். கஞ்சி ஊட்டினவளை என்ன சொல்லித் தூற்ற?

அந்தக் கிறிஸ்மசுக்கும் கூறு வந்தது. ஈரல் ஒரு துண்டு, நெஞ்செலும்பு ஒரு துண்டு. நான் அடுப்பில் வைக்கவில்லை.

மகன் காரில் வந்தான். சொல்ல வேண்டியதை என்றைக்கோ சொல்லிவிட்டானே. வளவில் ஒரு சுற்று நடந்து, வெறும் கயிறு தொங்குவதைப் பார்த்துவிட்டு என் டிரங்குப் பெட்டியை எடுத்தான். உயிரோடு நின்ற ஒன்றிரண்டைக் கொழுந்தன் மனைவி தொழுவத்தில் விட்டேன். வேறு எங்கே விட? அவள் தெருமுனை வரை வந்து அழுதாள். "ஒத்தையில விட்டுட்டுப் போறியேக்கா" என்றாள்.

இப்போது மாடியில் இருக்கிறேன். துறைமுகம் பக்கம் காற்று அடித்தால் காயப் போட்ட துணியில் கரித்தூள் படியும். அதைத் தட்டி மடிப்பதுதான் எனக்கு இங்கே உள்ள வேலை. கப்பல் ஊதினால் எழுந்துவிடுகிறேன், எழுந்து பதில் சொல்ல ஒன்றும் இல்லை. மருமகள் தங்கமானவள். கறி எடுத்தால் எல்லார் தட்டிலும் ஒன்றுபோலத்தான் வைக்கிறாள். எனக்குப் பல் இல்லை என்பது அவளுக்கு ஞாபகம் இருப்பதில்லை.

போன வாரம் கொழுந்தன் மனைவி போன் பண்ணினாள். குரல் சின்னதாக இருந்தது. அவள் ஆட்டுக்கும் தாடை வீங்கிவிட்டது. எதிர் வீட்டில் தொழுவமே காலி.

"அக்கா, அந்தக் கண்ணு பாக்குறது எப்படி? மேல் இமையா, கீழ் இமையா?"

இவ்வளவு நாள் கழித்துக் கேட்கிறாள். போனை வைத்துவிடலாம் என்று தோன்றியது. வைக்கவில்லை. அவளிடம் நிற்பது என் ஆடும்தானே. எனக்கு ஞாபகம் இருந்ததைச் சொன்னேன். அவள் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள், நான் பஸ்ஸில் சொல்லிப் பார்த்தது போல.

போனை வைத்த பிறகுதான் பயம் வந்தது. அமுக்குவது மேல் இமை, இழுப்பது கீழ் இமை என்று சொன்னேன்; சரிதானே? ஆடி மாதத்தில் தேரியிலிருந்து செம்மண் காற்று அடிக்கும்போது எல்லா ஆட்டுக்கும் கண் சிவந்துதான் கிடக்கும். அப்போது பார்த்தால் தப்பாகத் தெரியுமா என்று டாக்டரம்மாவிடம் கேட்க மறந்துவிட்டேன். வெள்ளாட்டுக்குச் செம்மறியைவிட மருந்து கூட வேண்டும் என்று அவள் சொன்னதாக ஒரு நினைவு. கூடவா, குறையவா என்று இப்போது குழம்புகிறது. அந்தப் புழு இருப்பது நாலாவது வயிற்றில்தானா? மருந்துகளின் பெயரை நான் இதில் எழுதவில்லை, மாற்றி எழுதிவிடுவேனோ என்ற பயத்தில்தான்.

இதைப் படிக்கிறவர்களில் ஆட்டு வைத்தியம் தெரிந்தவர்கள் இருந்தால் நான் எழுதியதை ஒருமுறை சரிபார்த்து, தப்பு இருந்தால் சொல்லி அனுப்புங்கள். தாமதம் வேண்டாம். நான் தப்பாகச் சொல்லியிருந்தாலும் அவள் அதை எல்லா ஆட்டுக்கும் ஒன்றுபோலச் செய்துவிடுவாள்.